பி பக்கத்தின் கடைசிப் பாட்டு

ஊசியை வைத்தாயிற்று. இனி இருபத்திரண்டு நிமிடம். பிலவேந்திரன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தான், இசைத்தட்டு என்னவோ கடித்துவிடப் போகிற மாதிரி. சனிக்கிழமை காலை ஒன்பதேகால் மணி. மனைவி ஷீலா பெண்ணைக் கூட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் போயிருக்கிறாள், பதினொன்றுக்கு முன் வர மாட்டாள். ஒஹையோவில் வீடு வாங்கினால் நிலவறையும் சேர்ந்தே வருகிறது. அதில் வாஷிங் மெஷின், உடைந்த டிரெட்மில், இருபத்தைந்து வருடமாக எவனும் தட்டாத ஒரு டிரம்ஸ் செட். மடியில் ஒரு தாள். அவன் டிரம்ஸ் வாசித்த குழுவின் பழைய ஆல்பத்தை மறுபடி வெளியிடுகிறார்கள். ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தட்டு அடிப்பதற்கு முன் முதலில் ஐந்தே ஐந்து மாதிரித் தட்டு அடித்து, வாசித்தவர்களுக்கு அனுப்பிவைப்பார்கள். இரண்டு பக்கமும் முழுக்கக் கேட்டு, எங்கே கீறல், எங்கே பொட்டுச் சத்தம் என்று குறித்து, சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். இன்று மதியம் பன்னிரண்டு கெடு. ஏ பக்கத்துக்குக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டான். அது அவனுக்குப் பழக்கம். மனிதர்கள் அனுப்புகிறதைக் கேட்காமலே 'கேட்டேன், நல்லா இருக்கு' என்று சொல்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பி பக்கத்துக்கும் அப்படியே போட்டிருப்பான், அந்த மெயில் மட்டும் வராமல் இருந்தால். கம்பெனியில் இருக்கும் மெரடித் என்ற பெண் ஆச்சரியக்குறி ஆச்சரியக்குறியாகப் போட்டு எழுதியிருந்தாள்: கடைசிப் பாட்டின் மூல கேசட்டை எங்கள் ஆள் சுத்தம் செய்தபோது ஒரு அதிசயம் நடந்தது, நீங்கள் அன்று வைத்திருந்த டேப்ரெக்கார்டர் பழசை ஒழுங்காக அழிக்கவில்லை, கிட்டார் அடங்கும் இடத்தில் அடியில் அந்தப் பெண்ணின் குரல் இன்னும் இருபத்து மூன்று விநாடி இருக்கிறது, அதைக் கேட்கும்படி மேலே கொண்டுவந்துவிட்டோம், தட்டோடு வரும் சின்னப் புத்தகத்தில் போட அவர் பேசுவது முழுவதற்கும் மொழிபெயர்ப்பு தர முடியுமா. அந்தப் பெண். அந்தப் பெண் அவனுடைய அக்கா. பெயர் செலின். திண்டுக்கல்லில் இருக்கிறாள். தான் ஒரு அமெரிக்க இசைத்தட்டில் இருபத்தைந்து வருடமாகப் பேசிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது.

முதல் பாட்டு ஆரம்பித்தது. 'உன் அம்மாவின் காரைத் திருப்பி விட்டுவிட்டேன்' என்று தலைப்பு. இப்படித்தான் வைப்பான் நோலன், தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் பாட்டு பாதி ஓடிவிடும். கிட்டார் மெதுவாக நடந்து வந்து, அப்புறம் எதற்கோ கோபம் வந்த மாதிரி கத்தும், நோலன் அதற்கு மேலே கத்துவான், தொண்டை கிழியும், கிழிய வேண்டும், அதுதான் ஈமோ. அழுவதற்கென்றே ஒரு இசையைக் கண்டுபிடித்து அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள் என்று முதல் நாள் அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பொன்மலையில் அவன் வீட்டில் யாரும் சத்தம் போட்டு அழுததில்லை. அம்மா செத்த அன்றுகூட அப்பா சவரிமுத்து வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இங்கே இந்த வெள்ளைக்காரப் பையன், ஒரு பெண் சின்சினாட்டிக்குக் குடிபோனதற்கு நான்கு பாட்டு எழுதியிருக்கிறான். சின்சினாட்டி ஒரு மணி நேரம். பல்கலைக்கழக நோட்டீஸ் போர்டில் 'டிரம்ஸ் வாசிக்க ஆள் தேவை, சொந்த வேன் இருந்தால் நல்லது' என்று ஒட்டியிருந்தார்கள். வேன் இல்லை, கோயில் பாடகர் குழுவில் எட்டு வருடம் டிரம்ஸ் அடித்த கை இருந்தது, ஈஸ்டர் திருப்பலியில் அல்லேலூயாவுக்கு அவன் கொடுத்த உருட்டலுக்குப் பங்குச்சாமியார் இரண்டு தடவை எச்சரித்திருக்கிறார். நோலன் பாட்டும் கிட்டாரும், டானா பேஸ் கிட்டார். பிலவேந்திரன் என்ற பெயரை நோலன் ஒரு வாரம் மென்று பார்த்துவிட்டு பில் என்று துப்பினான். குழுவுக்குப் பெயர் ஸ்னோ டே கமிட்டி. பனி கொட்டினால் பள்ளிக்கு விடுமுறை, அதை முடிவு செய்யும் கமிட்டி. தமிழில் பனி விடுமுறைக் கமிட்டி என்று சொல்லிப் பார்த்தால் முனிசிபாலிட்டி சமாச்சாரம் மாதிரி இருக்கும், அதனாலேயே வீட்டுக்குச் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். எம்.எஸ். படிக்கப் போனவன் டிரம்ஸ் அடிக்கிறான் என்று அப்பாவுக்கு எப்படிச் சொல்வது. இதோ இந்த இடம், இங்கே அவன் அரை அடி முந்திவிடுவான், ஒவ்வொரு தடவையும் முந்துவான், டானா திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். இப்போதும் முந்தினான். தட்டில் பதிந்த தப்பு, இனி ஆயிரக்கணக்கில் அடித்து விற்கப் போகிறார்கள்.

முதலில் ஒரு டெமோ கேசட், நூறு பிரதி, டானாவின் வீட்டுச் சமையல் மேசையில் உட்கார்ந்து அட்டை மடித்தார்கள். பிறகு கென்டகிக் குழு ஒன்றோடு பாதிப் பாதியாக ஒரு சின்னத் தட்டு, ஆளுக்கொரு பக்கம். பிறகு ஐந்து பாட்டில் ஒரு குறுந்தட்டு. அப்புறம் இது, இந்த ஆல்பம், ஆயிரம் பிரதி, அதில் முந்நூறு நோலனின் கட்டிலுக்கு அடியில். கேசட் என்றால் அந்த நாளில் அவனுக்கு இரண்டு வகைதான், ஒன்று நோலன் கொடுப்பது, இன்னொன்று அப்பா அனுப்புவது. பொன்மலைப்பட்டி வீட்டில் போன் கிடையாது. அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு மரியதாஸ் சார் போன், அங்கே போய் நின்றுகொண்டு, அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நிற்க, என்ன பேச முடியும். அதனால் கேசட் கடிதம். யாராவது ஊருக்கு வந்து திரும்பும்போது ஊறுகாயோடு ஒரு கேசட்டும் வரும். ஏ பக்கம் முழுக்க அப்பா. தம்பி பிலவேந்திரா, நலமா, இங்கு நலம், ரயில்வேயில் அரியர்ஸ் இன்னும் வரவில்லை, முழங்கால் வலிக்கு டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். மேடையில் பேசுகிறவர் மாதிரி இருமல் எல்லாம் ஒதுங்கி நின்று இருமிவிட்டு வருவார். அக்கா நடுவில் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்து, 'ஒழுங்கா சாப்புடு, தலைக்கு எண்ணெய் வை' என்று சொல்லிவிட்டுப் போவாள். அவள் குரல். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் வாசகம் அவள்தான் வாசிப்பாள். அவள் வாசிக்கும்போது கைக்குழந்தைகள்கூடச் சத்தம் போடாது, பின்னால் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆண்கள் உள்ளே வருவார்கள். அலட்டலே இருக்காது, ஒவ்வொரு சொல்லையும் உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பாள். அந்த மே மாத கேசட்டில் அவள் நடுவில் வரவில்லை. ஏ பக்கம் அப்பாவோடு முடிந்தது. முடியும்வரை அவன் எங்கே கேட்டான், பத்து நிமிடம் கேட்டான், மாத்திரை வரைக்கும். கேசட்டின் மேல் வெள்ளைத் தாளில் அக்காவின் கையெழுத்தில் நீல மையில் இரண்டு சொல். பின்பக்கமும் கேள். பார்த்தான். பார்க்கவே இல்லை என்று எத்தனையோ தடவை மனதுக்குள் மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறான், பார்த்தான். அப்புறம் கேட்கலாம் என்று செருப்பு டப்பாவுக்குள் போட்டான்.

இரண்டாவது பாட்டு. இங்கே ஒரு சின்னப் பொட்டுச் சத்தம், ஊசி எதையோ தாண்டியது. தாளில் குறிக்க வேண்டும். பேனா எங்கே. குறித்தான், இரண்டாம் பாட்டு, ஆரம்பத்தில், பொட்டு. நிலவறையில் குளிர் அதிகம். அந்த வருடம் ஜூன் ஒன்பதாம் தேதி டானா வீட்டு நிலவறையில் புழுக்கம், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வாசித்தான். புதுப் பாட்டு ஒன்று திடீரென்று அமைந்துவிட்டது. மூன்று பேருக்கும் தெரிந்தது, இது மறுபடி இப்படி வராது, உடனே பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். காலி கேசட் இருக்கா, காலி கேசட் இருக்கா என்று நோலன் குதிக்கிறான், மூத்திரம் முட்டினவன் மாதிரி. பிலவேந்திரன் பையில் அந்த கேசட். ஏன் பையில் எடுத்து வைத்திருந்தான். கேட்கத்தான், பஸ்ஸில் கேட்கலாம் என்றுதான் எடுத்து வைத்தான், பஸ்ஸில் வேறு எதையோ கேட்டான். அப்பா பேசியது ஏ பக்கம், பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும், இருந்தாலும் எண்ணெய் வை சாப்பிடு என்று ஒரு நிமிடம் இருக்கும், அதற்கென்ன. அந்த நீல மை கண் முன்னால் இருக்கிறது. கண் முன்னால் இருக்கும்போதே திருப்பிப் போட்டு, பதிவுப் பொத்தானை அழுத்தினான். அவனேதான் அழுத்தினான். நோலன் இல்லை, டானா இல்லை. வாசித்து முடித்து, நிறுத்தி, மறுபடி ஓட்டிக் கேட்டார்கள். கிட்டார் ரீங்காரமாக அடங்குகிறது, டொக் என்று ஒரு சத்தம், உடனே அக்கா. அவள் பேச்சின் வால் மட்டும். 'அவ்வளவுதான்டா. நீ சொன்னா கேப்பாரு. பதினாலாம் தேதிக்குள்ள சொல்லிடு, மறந்துடாத. மழை வர்ற மாதிரி இருக்கு, மாடில துணி கெடக்கு, எடுக்கணும். ஒழுங்கா சாப்புடுறியா? சரி, வச்சிடுறேன். இதை எப்படி நிறுத்துறது... இதுவா...' டொக். நோலன் தரையில் உட்கார்ந்துவிட்டான். கண்ணெல்லாம் ஈரம், அவனுக்குத்தான் எதற்கும் வருமே. யார் இது, என்ன சொல்றாங்க? என்றான். என் அக்கா, மழை வருது, துணி எடுக்கணும்கிறா, என்றான் பிலவேந்திரன். பொய் இல்லை. பொய் இல்லாத ஒன்றைத் தேடி எடுத்துச் சொன்னான்.

அன்றைக்கு ஒன்பதாம் தேதி. பதினாலுக்கு ஐந்து நாள் இருந்தது. இதுதான், ஒவ்வொரு தடவையும் எந்த வழியாகப் போனாலும் இந்த ஐந்து நாளில் வந்துதான் முட்டுகிறது. யார் கேட்பார், அப்பா கேட்பார். எதைச் சொன்னால் கேட்பார். அது பாட்டுக்கு அடியில் போய்விட்டது. போன் செய்து, அக்கா நீ சொன்னது அழிஞ்சுபோச்சு, என்ன சொன்னே, என்று கேட்டால் முடிந்தது. ஒரு நிமிடப் பேச்சு. எப்படி அழிஞ்சுது என்று கேட்பாள். டிரம்ஸ் அடிச்சேன் என்று சொல்ல வேண்டும். மறுநாள் சொல்லலாம். பதினொன்றாம் தேதி பத்தொன்பது நாள் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார்கள், டானா அண்ணனின் வேனில், ஊர் ஊராக, சர்ச் அரங்கிலும் பீட்சா கடையிலும் முப்பது பேர் நாற்பது பேருக்கு முன்னால். மூன்றாவது பாட்டு இதோ, இதை இந்தியானாவில் வாசித்தபோது ஒரு பெண் முதல் வரிசையில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள், அவனுக்கு எரிச்சலாக வந்தது, என்ன கஷ்டம் உனக்கு என்று. பதின்மூன்றாம் தேதி காலை. பெட்ரோல் பங்க் ஓரம், போன் பெட்டி, காலிங் கார்டில் சுரண்டி எடுத்த எண், எதிரே சோளக்காடு. மரியதாஸ் சார் வீட்டில் மணி அடித்தது. அடித்தது. அடித்தது. பதினோரு தடவை. அன்றைக்கு அந்தோணியார் திருநாள் என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. அங்கே மாலை, தேர்பவனி, தெருவே கோயிலில் இருந்திருக்கும், அக்கா மைக்கில் வாசித்துக்கொண்டிருந்திருப்பாள். வேனில் ஹாரன் அடித்தார்கள். பன்னிரண்டாவது தடவை எடுத்திருப்பார்களோ. வைத்துவிட்டு ஓடினான். ஓடும்போது அவனுக்குள் இருந்தது வருத்தம் இல்லை, ஒரு நிம்மதி, நான் முயற்சி பண்ணினேன் என்ற நிம்மதி. அதைத்தான் அவனால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. மறுநாள் பதினாலு. அதற்கு மறுநாள் பதினைந்து. அவசரமாக இருந்தால் அவளே மறுபடி சொல்லியிருப்பாள். அவள் மறுபடி சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த கேசட் எதிலும் அவள் குரலே இல்லை. எண்ணெய் வை என்றுகூட இல்லை.

ஸ்டுடியோவில் மற்றப் பாட்டுகளை முறையாகப் பதிந்தார்கள், கடைசிப் பாட்டை மட்டும் பத்து தடவை வாசித்தும் அந்த ஜூன் மாதம் வரவில்லை, கேசட்டையே போட்டுவிடலாம் என்றான் நோலன், அக்காவோடு சேர்த்து. பில், உனக்குச் சம்மதமா? அப்போதும் தலையாட்டினான். அட்டைப் படமே அந்த கேசட்தான். பின்பக்கமும் கேள் என்ற நீல மை எழுத்து பெரிசாக, கொஞ்சம் கலங்கலாக. இத்தனை வருடத்தில் அதைக் கையில் பச்சை குத்திக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், போர்ட்லாந்தில் ஒருவன் முதுகில் தலைகீழாகக் குத்திக்கொண்டு படம் போட்டிருந்தான். குழு பத்து மாதம்தான் அதற்குப் பிறகு ஓடியது. இரண்டாவது சுற்றுப்பயணம் கிளம்பும் நாள் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது, பாலம் கட்டும் கம்பெனி, விசாவுக்கு அவர்கள் எழுதிக்கொடுப்பார்கள், திங்கட்கிழமை சேர வேண்டும். நோலனிடம் சொல்லவில்லை. போகவில்லை, அவ்வளவுதான். அவனை ஏற்றிக்கொள்ள வேண்டிய பெட்ரோல் பங்கில் இரண்டு மணி நேரம் நின்றார்களாம். பிறகு புரிந்துகொண்டார்களாம். டானா பல வருடம் கழித்து எழுதினாள், கோபம் இல்லாமல், அதுதான் வலித்தது. நான்கு ஊரில் டிரம்ஸ் இல்லாமல் வாசித்துவிட்டுக் கலைந்துபோனார்கள். செத்த பிறகு வருகிற புகழ் என்பார்களே, அது குழுவுக்கு வந்தது. இன்டர்நெட்டில் யாரோ ஏற்றினான், அப்போது பிறந்தேயிராத பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தார்கள், எல்லோரும் அந்தக் கடைசிக் குரலைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். இவர் யார். என் வாழ்க்கையில் கேட்ட மிக அமைதியான குரல். மொழி தெரியாது, தூக்கம் வராதபோது இதைத்தான் போட்டுக்கொள்வேன். ஆயிரம் ஆயிரமாக எழுதியிருக்கிறார்கள். அதையெல்லாம் படித்தபடி ஆபீஸ் கழிவறையில் உட்கார்ந்திருக்கிறான், கதவைத் தட்டும் வரைக்கும்.

அக்கா கல்யாணம் முடிந்து திண்டுக்கல் போனாள். அதற்கு முந்தைய இரண்டு வருடம் அந்த வீட்டில் அப்பாவும் அவளும் மட்டும். சமைப்பாள், துவைப்பாள், மாத்திரை எடுத்து வைப்பாள், பேச மாட்டாள். கேட்டால் ஆமா, இல்ல. கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான், கிறிஸ்துமஸுக்கு வந்து இரண்டு நாள் இருந்து எல்லாம் செய்து வைத்துவிட்டுப் போவாள். கடைசி வருடம் ஆஸ்பத்திரியில் இருந்து அப்பா போனில் கேட்டார். அப்போது எல்லோர் கையிலும் போன். 'ஏன்டா பிலவேந்திரா, உன் அக்காவுக்கு நான் என்னடா பண்ணேன்? உனக்காவது தெரியுமா?' அவனுக்குத் தெரியாது. உண்மையிலேயே தெரியாது. ஆனால் எங்கே தொலைந்தது என்று தெரியும். 'ஒண்ணும் இல்லப்பா, அவ சுபாவம் அப்படி,' என்றான். 'அம்மா இருந்தப்ப அப்படி இல்லையேடா,' என்றார் அப்பா. அடக்கத்துக்குப் போனபோது, கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் கலைந்த பிறகு, அக்கா குழியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். 'நீ அங்கேர்ந்து அவ்வளவு எடுத்துச் சொல்லியும், அவரு ஒரு வார்த்தை என்கிட்ட பேசலையேடா. வேணாம்னுகூடச் சொல்லலை. அதான் எனக்கு விட்டுப்போச்சு.' அவன் என்ன செய்தான். தலையாட்டினான். நோலனுக்கு ஆட்டிய அதே தலை. அந்த ஒரு ஆட்டலில் செத்தவர் தலையில் பழியைத் தூக்கி வைத்துவிட்டு, எதற்கான பழி என்றுகூடத் தெரியாமல் பிளேன் ஏறினான். என்ன எடுத்துச் சொன்னேன் நான்? யாரிடமாவது கேட்க முடியுமா இதை? கல்யாணப் பேச்சா, யாரையாவது விரும்பினாளா, படிக்க வேண்டும் என்றாளா. பன்னிரண்டு வருடமாக, வாயே திறக்காத ஒரு பேச்சுக்குச் சொந்தக்காரனாக இருக்கிறான். வருடா வருடம் அக்கா போனில் சொல்வாள், 'நீயாவது எனக்காகப் பேசுனே.'

மூன்றாவது பாட்டு முடிந்தது. தட்டில் இரண்டு பாட்டுக்கு நடுவே உள்ள அந்த மௌனம், மூன்று விநாடி, இப்போது ஊசியைத் தூக்கிவிடலாம். தூக்கிவிட்டு, சம்மதம், மழை வருகிறது துணி எடுக்கிறேன் என்கிறார், என்று எழுதி அனுப்பிவிடலாம், அந்த இருபத்து மூன்று விநாடி வேண்டாம், பழைய மாதிரியே இருக்கட்டும் என்று சொல்லவும் உரிமை இருக்கிறது, தாளிலேயே அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. கை போனது. அதற்குள் கடைசிப் பாட்டு பிடித்துக்கொண்டது. ஆறரை நிமிடம். தன்னுடைய டிரம்ஸ் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதுதான் அவனைக் கொன்றது. இருபத்து நான்கு வயசுக் கை, ஒரு அடியும் முந்தவில்லை, பிந்தவில்லை, நோலன் பாடவேகூட இல்லை, வெறுமனே மூன்று பேரும் ஒருவர் பேசுவதை ஒருவர் கேட்கிற மாதிரி வாசித்தார்கள், அவன் வாழ்க்கையில் ஒழுங்காகக் கேட்டது அந்த ஆறரை நிமிடம்தான், அதையும் அவள் மேல் ஏறி உட்கார்ந்து செய்தான். அம்மா இருந்திருந்தால் பின்பக்கத்தைக் கேட்டாயாடா என்று கேட்டிருப்பாள். டிரம்ஸ் நின்றது. டானா நின்றாள். கிட்டார் மட்டும் ரீங்காரம், அடங்கி அடங்கி, இந்த இடத்தில் இத்தனை வருடம் ஒன்றும் இருந்ததில்லை, இப்போது அடியில் என்னவோ அசைந்தது. முதலில் குரல் என்றே தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஜெபம் சொல்கிற மாதிரி. அப்புறம் சொல்லானது.

'...வாய்ஸ் டெஸ்ட்ல பாஸாயிட்டேன்டா. திருநெல்வேலி ரேடியோல அறிவிப்பாளர் வேலை, பதினஞ்சாம் தேதி போய்ச் சேரணும். லெட்டரை அப்பாகிட்ட காட்டலை, ஒளிச்சு வச்சிருக்கேன். அம்மா இல்லாத வீட்ல உங்களைத் தனியா விட்டுட்டுப் போறேன்னு என் வாயால எப்படிடா சொல்வேன். நீ போன்ல சொல்லு. அவருக்குச் சம்மதம்னா அவரே என்கிட்ட பேசட்டும். பேசலைன்னா வேணாம்னு புரிஞ்சுக்குறேன். நானா கேக்க மாட்டேன்.'

டொக். அவ்வளவுதான்டா. நீ சொன்னா கேப்பாரு. மழை, மாடி, துணி, இதை எப்படி நிறுத்துறது, இதுவா. டொக். ஊசி தட்டின் நடு வளையத்தில் போய் நின்று சரக் சரக்கென்று தேய்ந்தது. அவன் எழுந்து போய் அதைத் தூக்கவில்லை. அப்பாவுக்குத் தெரியாது. பேசவில்லை, ஏனென்றால் பேச ஒன்றும் இருப்பதாகவே அவருக்குத் தெரியாது. பதினாலாம் தேதி காலையில் காப்பி குடித்திருப்பார், பேப்பர் படித்திருப்பார். அவள் அடுக்களை வாசலில் நின்று அவர் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள், சாயங்காலம் வரை, இரவு செபமாலை முடியும் வரை. அவர் முழங்கால் வலிக்கிறது என்றிருப்பார். அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு உள்ளே போயிருப்பாள். சம்மதம் சொல்லியிருப்பாரோ மாட்டாரோ, அது வேறு. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். ஆமாவோ இல்லையோ, அந்த மனுஷனுக்குச் சொல்ல ஒரு வாய்ப்பு. கோயிலில் கைக்குழந்தைகளை அமைதியாக்கிய குரல், திருநெல்வேலிச் சீமை முழுக்கக் கேட்டிருக்க வேண்டிய குரல், ஒரு வெள்ளைக்காரக் குழுவின் பாட்டுக்கு வாலாக மழை வருகிறது என்று சொல்லிக்கொண்டு கிடக்கிறது. அவனுக்கு அழுகை வந்தது. அவன் வீட்டு வழக்கப்படி சத்தமில்லாமல் வந்தது.

மணி ஒன்பதே முக்கால். திண்டுக்கல்லில் மாலை ஏழேகால். போனை எடுத்தான். தாளில் உள்ள கட்டங்கள் எதையும் நிரப்பவில்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். 'என்னடா, இன்னிக்கு சனிக்கிழமை. நாளைக்குத்தானே பேசுவ. ஷீலா நல்லாருக்கா? பாப்பா?'

'அக்கா, நான் அப்பாகிட்ட சொல்லவே இல்ல.'

'எதை?'

இத்தனை வருடமும் இந்த ஒரு கேள்விக்குத்தான் பயந்தான். 'திருநெல்வேலி,' என்றான்.

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள், விளம்பரம் வந்தது. அவள் அதை நிறுத்தவும் இல்லை, நகரவும் இல்லை. அவன் சொல்லிக்கொண்டே போனான், அடுக்கிச் சொல்ல வரவில்லை, கேசட், பின்பக்கம், பாட்டு, உன் மேலயே பதிஞ்சுட்டேன்க்கா, கல்லறையில நான் தலையாட்டினேன், எதுக்குன்னு தெரியாம ஆட்டினேன், இன்னிக்குத்தான் கேட்டேன், இப்பத்தான். எல்லாம் சொல்லி முடிந்தது. டானாவிடமும் நோலனிடமும் சொல்ல வேண்டியதுகூட இதிலேயே கலந்து வந்துவிட்டதோ என்னவோ. பிறகு அவளுக்காகக் காத்திருந்தான். திட்டு, என்று நினைத்தான். திட்டிவிட்டால் தேவலை.

'அப்ப அவருக்குத் தெரியவே தெரியாதா?' என்றாள் அக்கா.

'தெரியாதுக்கா.'

வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தான். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்தபோது அவள் பேசிக்கொண்டிருந்தாள். அவனிடம் பேசுவது மாதிரி இல்லை, கோயிலில் வாசிக்கிற அந்தக் குரல், ஒவ்வொரு சொல்லாக.

'கிறிஸ்துமஸுக்கு வந்தா அவருக்குச் சோத்தைப் போட்டுட்டு உடனே அடுக்களைக்குள்ள போயிடுவேன்டா. ஒவ்வொரு வருஷமும் அவரு பக்கத்துல இருக்குற பலகையைத் தட்டித் தட்டிக் காட்டுவாரு. உக்காரும்மா, செத்த உக்காரும்மாம்பாரு.'

அதற்கு மேல் அவளால் வாசிக்க முடியவில்லை. அவர்கள் வீட்டில் ஒருவர் சத்தம் போட்டு அழுவதை அவன் முதல் தடவையாகக் கேட்டான். போனைக் காதிலிருந்து எடுக்காமல் முடிவுவரைக்கும் கேட்டான்.